பதினாலாம் நம்பர் மனை

புரோக்கர் வேண்டாம் என்று முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். நான் சொல்லியிருந்தால் கடைசியில் என் தலைதான் உருண்டிருக்கும்.

"அந்த மண்ணுல எந்த மூலையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாததா? எவனோ ஒருத்தன் வந்து கையை நீட்டிக் காட்டுவான், அதுக்கு நாம அவனுக்குக் கமிஷன் அழணுமா?" என்றார்.

"அழ வேணாம். ஆனா வர்றவங்ககிட்ட யாரு பேசுறது? நீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பேசமாட்டார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். பெட்டிகளோடும் ரேக்குகளோடும்தான் சகவாசம். அவை எதிர்த்துப் பேசாது, அதுதான் அவருக்கு அவற்றிடம் பிடித்ததே. எங்கள் கட்டடத்தில் இன்றைக்கும் அவர் பெயர் ஸ்டோர்காரர்தான். நான் அதற்கு நேர்மாறு. குடிநீர் ஆபீசில் புகார் வாங்கும் மேசையில் இருந்தவள். தண்ணீர் வரவில்லை என்று ஊரே போனில் வாரித் தூற்றும். அப்படித் தூற்றுகிறவரையே கடைசியில் "சரிங்கம்மா, ரொம்ப நன்றிங்கம்மா" என்று சொல்லி போனை வைக்கும்படி செய்துவிடுவேன். ஒருத்தர் ஹலோ சொல்லும் தினுசிலேயே அவர் காது குத்தப்போகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். போன் என்னுடையது, மண் அவருடையது.

விற்க வேண்டிய அவசியம் என் முட்டியால் வந்தது. நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில், வாடகைக்கு. லிஃப்ட் கிடையாது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டது என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். இறங்குவதாவது பரவாயில்லை, ஏறுவதுதான் நரகம். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அழுகையை அடக்கி, மறுபடி எழுந்து ஏறவேண்டும். ஒரு கட்டத்தில் போதும் என்று இறங்குவதையே விட்டுவிட்டேன். பால்கனியிலிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் உச்சந்தலைதான் தெரியும். முகங்கள் மறந்துபோய், வழுக்கையை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அப்போதுதான் கீழ்வீட்டுக் கடிகாரக்காரர் ஆள் அனுப்பாமல் அவரே மாடி ஏறி வந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். மகனோடு போய் இருக்கப்போகிறாராம், வீட்டை விற்கிறாராம்.

"தங்கச்சி, உன் நிலைமை எனக்குத் தெரியும். மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்னை நெருக்காதே" என்றார்.

அந்த வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு படி. அதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்த வீடு வேண்டும். எங்களிடம் விற்பதற்கு இருந்தது ஊருக்கு வெளியே ஒரு மனை. அதை விற்றால் கீழ்வீடு. விற்காவிட்டால் நான் பால்கனியோடு சரி.

மனை என்றால் அவருக்கு உயிர். வாங்கிய நாளில் ஒரு தடவை நானும் போய்ப் பார்த்தேன். பொட்டல் வெளி, எல்லா மனையும் ஒன்று போலவே கிடந்தது. மனை பிரித்து விற்றவர் ரோட்டில் நின்றபடியே "அதோ அங்க" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விட்டார். நம்பர் எழுதின கல் எல்லாம் ஒரு மழைக்குத் தாங்கவில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவரே ரோட்டு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு போய்ப் பதினாலாம் நம்பரைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். முள் வெட்டுவார், புல் பிடுங்குவார், கல் பொறுக்குவார். ஒரு கொய்யாக் கன்று வேறு வைத்தார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி, அதற்கப்புறம் முட்டி. நான் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்து கால் கழுவும்போது பக்கத்து மனைக்காரனைத் திட்டுவது அவர் வழக்கம்.

"நம்ம இடத்துல பொறுக்கின கல்லை எல்லாம் அங்கதான் வீசுறேன். ஏன்னு கேட்க ஒரு நாதி இல்ல. காசு கொடுத்து வாங்கின இடத்தை இப்படியா போட்டு வைப்பான் ஒரு மனுஷன்? என்ன பொறுப்போ!" என்பார்.

"பொறுப்பு எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா அவன் என்ன பண்ணுவான், பாவம்" என்பேன் நான்.

ஒரு தகரப் பலகையில் எழுதி மனையில் நட்டுவிட்டு வந்தார். மனை விற்பனைக்கு, உரிமையாளர் நேரடி, புரோக்கர் வேண்டாம், கீழே என் போன் நம்பர். பலகை நின்ற அன்றைக்கே போன் அடிக்கத் தொடங்கியது. அடித்தவர் அத்தனை பேரும் புரோக்கர்.

"வணக்கம் மேடம், மனை விஷயமா..."

"உங்களுக்காங்க?"

"எனக்குத்தான் மேடம். அதாவது எனக்கு வேண்டிய ஒரு பார்ட்டிக்கு."

"அப்ப உங்களுக்கு இல்ல."

"தம்பி மாதிரி மேடம்."

"அந்தத் தம்பியையே பேசச் சொல்லுங்க. அண்ணன் மாதிரி இருக்கிறவரு எதுக்குக் கஷ்டப்படணும்?"

சிலர் மனைவியை விட்டுப் பேசவைத்தார்கள். ஒருத்தர் குரலை மாற்றிக்கொண்டு இரண்டாம் தடவை கூப்பிட்டார். எனக்கா தண்ணி காட்டுவது? நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன். "அங்க என்ன கட்டப்போறீங்க?" புரோக்கராக இருந்தால் "வீடுதான் மேடம்" என்று ஒரு சொல்லில் முடிப்பார். நிஜமாகவே வாங்க நினைக்கிறவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல ஆரம்பித்துவிடுவார். அடுப்படி எந்தப் பக்கம், வண்டி எங்கே நிற்கும், மாமியாருக்கு எந்த அறை, எல்லாம் வரும். அப்படிப்பட்டவர்களை மட்டும் சலித்தெடுத்து அவரிடம் அனுப்பினேன்.

அனுப்பினவர்களை அவர் திருப்பி அனுப்பினார். புதிதாகக் கல்யாணமான ஜோடியிடம், ராத்திரி ஆனால் பஸ் வராது என்று சொல்லியிருக்கிறார். லாரி வைத்திருப்பவரிடம், மேற்கு மூலையில் ஈரம் காயாது, லாரியை நிறுத்தினால் சக்கரம் புதையும் என்றிருக்கிறார்.

"ஏங்க, விக்கப் போனீங்களா, வர்றவங்களை விரட்டப் போனீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"கேட்டதுக்குச் சொல்லலாம். கேட்காததையும் சேர்த்துச் சொல்லிட்டு வந்திருக்கீங்களே!"

"நாளைக்கு அவங்க நம்மைச் சபிக்கக் கூடாதுல்ல" என்றார். மாதம் பாதி தாண்டியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. இந்த மனுஷனுக்கு என் முட்டியைவிட எவனோ ஒரு லாரிக்காரனின் சக்கரம் பெரிதாகப் போய்விட்டதா என்று தோன்றியது.

லாண்டரிக்காரம்மா கூப்பிட்டது அப்போதுதான். நான் என் கேள்வியைக் கேட்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, அங்க வெயில் சாயங்காலம் எதுவரைக்கும் இருக்கும்?"

ஓட்டல், ஆஸ்பத்திரி என்று பெரிய இடத்துத் துணி எல்லாம் வெளுத்துக் கொடுக்கிறவள். காயப்போடும் மொட்டைமாடியை அந்தக் கட்டடத்துக்காரர் திருப்பிக் கேட்கிறாராம். கல் முள் இல்லாமல், புழுதி கிளம்பாமல், நாள் பூரா வெயில் விழும் இடமாக வேண்டும் அவளுக்கு. பின்னால் ஒரு கொட்டகையும் போட்டுக்கொள்வாளாம். வெயிலைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று இவர் எத்தனை வருஷம் காத்திருந்தாரோ! அவளை அழைத்துக்கொண்டு போய்ச் சுற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார். எந்த மாதத்தில் நிழல் எங்கே விழும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எங்கே கம்பம் நட்டால் பிடித்து நிற்கும், எல்லாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் வாய் மூடவில்லை. அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே கிடையாது.

மறுநாளே அவள் விலை பேசினாள். நானும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். இருவருக்கும் சரிப்பட்டது.

"அளந்து பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுத்துடுறேன் அக்கா. சாரை நம்பாம இல்ல. வாங்குறப்ப அளந்துடணும்னு வீட்ல சொல்றாங்க."

"தாராளமா அளந்துக்கோம்மா. எங்க வீட்டுக்காரர் அதை விரல் விரலா அளந்து வெச்சிருக்கார்" என்றேன். அன்றைக்கே கடிகாரக்காரருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அளக்கும் நாளில் காலையிலேயே அவர் குளித்துக் கிளம்பிப் போனார். மத்தியானம் போன் அடித்தது. அவர் இல்லை, லாண்டரிக்காரம்மா.

"அக்கா, கோபப்படாம கேளுங்க."

புகார் மேசையில் இருந்தவளுக்குத் தெரியும், இப்படி ஆரம்பிக்கிற பேச்சு நல்லதில் முடியாது.

"சொல்லும்மா."

"சார் காட்டின மனை உங்களோடது இல்லையாம். அது பதிமூணாம் நம்பராம். உங்களோடது அதுக்குப் பக்கத்துல இருக்கே, கல்லும் குப்பையுமா, அதுதானாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவரைப் பேசச் சொல்லு."

"பேசமாட்டேங்கறார் அக்கா. அந்தக் கல்லு மேல போய் உக்காந்துட்டார். தண்ணி கொடுத்தேன், அதையும் வாங்கல. எனக்குப் பயமா இருக்கு."

நான் அதிகம் யோசிக்கவில்லை. கதவைப் பூட்டினேன். கைப்பிடியைப் பிடித்து நாலு படி, உட்கார்ந்து நாலு படி என்று, வழி முழுக்க அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினேன். கடிகாரக்காரர் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு ஏதோ செத்துப் பிழைத்த ஆளைப் பார்ப்பது போல விழித்தார். அவர்தான் ஓடிப்போய் வண்டி பிடித்துக் கொடுத்தார். போகும்போது நேருக்கு நேர் முகங்களைப் பார்த்தேன். ரசிக்கிற நிலைமையில் இல்லை.

இடத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. ஒரு மனை பெருக்கி வைத்த கூடம் போல இருந்தது. நடுவில் எங்கள் தகரப் பலகை, ஓரத்தில் கொய்யா மரம். அதை ஒட்டியே இன்னொரு மனை. இடுப்பளவுக்குக் கல், முள், உடைந்த பாட்டில். இவர் வீசுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் வீடு கட்டினவர்களும் இதுதான் கொட்டும் இடம் என்று நினைத்து இடிசல், ஓட்டைத் தகரம், பழைய கழிப்பறைப் பீங்கான் என்று கொண்டுவந்து தள்ளியிருக்கிறார்கள். அந்தக் குவியல் மேல் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வழியெல்லாம் ஒரு மூட்டை வசவு கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவரைப் பார்த்ததும் ஒன்றும் வெளியே வரவில்லை.

அளக்க வந்தவர் இளவயசுக்காரர். கையில் டேப், இன்னொரு கையில் வரைபடம். அவரிடம்தான் கேட்டேன்.

"எப்படிப்பா இது?"

"ரோட்டு முனையில தண்ணித் தொட்டிக்குன்னு இடம் விட்டிருக்காங்கம்மா. அது பொது இடம், அதுக்கு நம்பர் கிடையாது. சார் அதையும் ஒண்ணுன்னு எண்ணிட்டார்."

குவியல் மேலிருந்து அப்போதுதான் குரல் வந்தது. "அங்க அன்னிக்குத் தொட்டியே இல்ல. காலி இடம். காலியா இருந்தாலும் நம்பர் உண்டு."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கிடங்கில் அப்படித்தான். வாசலுக்குப் பக்கத்து ரேக்கில் சரக்கே இருக்காது, வண்டி திரும்புவதற்காக அதைக் காலியாக விட்டிருப்பார்கள். ஆனாலும் அது ஒன்றாம் நம்பர். காலி ரேக்கை எண்ணாமல் விட்டால் மொத்தக் கணக்கும் போய்விடும் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்! அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எண்ணியிருக்கிறார். புரோக்கர் ஒருத்தன் வந்திருந்தால் முதல் நாளே அளந்து பார்த்துச் சொல்லியிருப்பான். நாங்கள்தான் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே.

லாண்டரிக்காரம்மா என் கையைப் பிடித்து ஒரு கல்லில் உட்காரவைத்தாள். அவள் பார்வை மட்டும் பெருக்கின மனையிலேயே இருந்தது. அதைத்தானே அவள் வாங்க வந்தாள்.

அளக்க வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். ரெண்டும் ஒரே அளவு. பதிமூணாம் நம்பர்காரரு இத்தனை வருஷமா எட்டிப் பார்த்ததில்ல. எல்லைக் கல்லை இப்படிக் கொஞ்சம் நகர்த்தி நட்டுட்டா, பத்திரத்துல பதினாலு, இடத்துல இது. அவரு என்னைக்காவது வந்தாலும் பக்கத்துல இருக்கிறதுதான் தன்னோடதுன்னு நினைச்சுப்பாரு. எத்தனையோ இடத்துல நடக்கிறதுதான்."

லாண்டரிக்காரம்மா கீழே பார்த்தாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நீயே முடிவு பண்ணு, எனக்கு இனி எந்த யோக்கியதையும் இல்லை என்பது போல ஒரு பார்வை.

பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஆசை வந்தது. நன்றாகவே வந்தது. ஒரு தலையசைப்பு போதும். மாசக் கடைசிக்குள் கீழ்வீடு கைக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் இன்று சாயங்காலமே அந்த மூன்று மாடியையும் ஏறியாக வேண்டும், ஏறினால் மறுபடி இறங்குவேனா என்று தெரியாது. எங்கள் உழைப்புத்தானே அந்த மண்ணில் கிடக்கிறது, எவனோ எட்டிப் பார்க்காதவனுக்கு ஏன் சும்மா விட வேண்டும் என்றுகூட நியாயம் கற்பித்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

"தம்பி, நீங்க அளக்க வந்தீங்களா, நகர்த்த வந்தீங்களா?" என்றுதான் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. புகார் மேசை வாய், பழக்கதோஷம்.

அவர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் லாண்டரிக்காரம்மா பக்கம் திரும்பினேன்.

"இங்க பாரும்மா. எங்களோடது இந்தக் குப்பைதான். இதுக்கு மேல மறைக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. உனக்கு வேணாம்னா வேணாம், மனஸ்தாபம் கிடையாது."

அவள் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் போனாள்.

"சார், இதுல மண்ணு எப்படி? இங்கயும் ஈரம் நிக்குமா?"

இத்தனை பேரிடம் கேட்காததையும் கொட்டினவர், கையை விரித்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. இதைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முட்டி வலிக்குக்கூட நாலு பேர் எதிரில் அழாதவள் நான். இந்த மனுஷன் ஒரு நாளும் எனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"சரி, அப்ப நானே பார்த்துக்கிறேன்" என்றாள் அவள். செருப்பை நன்றாக மாட்டிக்கொண்டு குவியல் மேல் ஏறினாள். முள்ளை விலக்கி, தகரத்தைப் புரட்டி, அந்தக் கோடி வரைக்கும் போனாள். ஒரு இடத்தில் குனிந்து மண்ணை அள்ளி உதிர்த்தாள். கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெயிலைப் பார்த்தாள். வெகுநேரம் எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. நானும் அவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"வெயில் ரெண்டுக்கும் ஒண்ணுதான். சுத்தம் பண்ற செலவைக் கழிச்சுக்கணும் அக்கா. கழிச்சா வாங்கிக்கிறேன். கல்லு பாதி கம்பத்துக்கு அடியிலயே போயிடும்."

"எவ்வளவு கழிக்கணும்?"

அவள் சொன்னதைப் பாதியாக்கினேன். அவள் சிரித்தாள். "இந்த நிலைமையிலயும் பேரம் பேசுறீங்களே அக்கா!"

"இந்த நிலைமையிலதான்மா பேசணும்" என்றேன். நடுவில் ஓர் இடத்தில் முடித்துக்கொண்டோம்.

அன்று நான் மாடி ஏறவில்லை. கடிகாரக்காரர் தன் முன்னறையை ஒழித்துக் கொடுத்து, இங்கேயே படு, பத்திரம் நடக்கும்போது நடக்கட்டும் என்றுவிட்டார். மாசக் கடைசிக்குள் எல்லாம் முடிந்தது. கழித்தது போகக் கிடைத்த தொகை வீட்டுக்குச் சரியாக இருந்தது, சுவருக்கு வண்ணம் அடிக்கத்தான் மிச்சமில்லை. சுவரா முக்கியம்? நான் தினம் காலையில் தெருவுக்கு இறங்கினேன். கடைக்காரரிடம் நானே போய் நின்று சண்டை போட்டுக் காய்கறி வாங்கினேன். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவர்தான் சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழக்கத்தில் விடியும் முன்பே எழுந்து, சட்டை மாட்டி, அப்புறம் போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு மூன்று வாரம் பார்த்தேன். கேட்டால் ஒன்றுமில்லை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே சொன்னார்.

"பதிமூணாம் நம்பர்காரங்க என்னைக்காவது வீடு கட்ட வருவாங்கல்ல. மேற்கு மூலையில தண்ணி நிக்கும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாம அங்க போய் அடுப்படியை வெச்சுட்டா, சுவரெல்லாம் ஓதம் ஏறிடும்."

"அது அவங்க பாடு" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. போனை எடுத்தேன். மனை பிரித்து விற்றவரின் ஆபீசைப் பிடித்து, அங்கிருந்த பெண்ணிடம் பழைய குரலில் இரண்டு வார்த்தை பேசி, நம்பரை வாங்கினேன். அதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

எடுத்தது ஒரு பெண். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். எங்கேயோ தூரத்து ஊர்.

"உங்களுக்கு இங்க ஒரு மனை இருக்குங்க, பதிமூணாம் நம்பர். அது விஷயமா ஒருத்தர் பேசணுமாம்."

"விக்கிற எண்ணமெல்லாம் இல்லைங்க" என்றாள் அவள் முந்திக்கொண்டு. "என் பொண்ணுக்குன்னு போட்டு வெச்சிருக்கேன். முள்ளு மண்டிக் கிடக்கும். போய்ப் பார்க்கத்தான் முடியல."

"வாங்கக் கேட்கலைங்க. சும்மா சில விவரம் சொல்லணுமாம். இருங்க, அவர்கிட்டயே கொடுக்கிறேன்."

போனை அவர் கையில் கொடுத்து, சத்தமாகக் கேட்கும்படி அழுத்திவிட்டேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முள்ளெல்லாம் இல்லம்மா" என்றார். "சுத்தமா இருக்கு. கவலைப்படாதீங்க."

மெஷின் சத்தம் நின்றது.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்து மனைக்காரன் என்று சொல்லலாம் என்றால் அதையும் விற்றாயிற்று.

"அந்தப் பக்கமா வந்து போயிட்டு இருந்தவன்மா" என்றார். பிறகு மேற்கு மூலையிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.